காற்று ஒன்று, பேசுவோர் பலர்

ஈதர்நெட் என்றதும் இன்று நினைவுக்கு வருவது வயர்தான். கணினியின் பின்புறம் ‘டிக்’கென்று செருகும் லேன் கேபிள். ஆனால் அந்தப் பெயரில் வயருக்கு இடமே இல்லை. ஒளி பயணம் செய்வதற்காக வெளியெங்கும் நிறைந்திருப்பதாக 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் கருதிய ஊடகம் ஈதர். 1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த சோதனைக்குப் பிறகு அந்தக் கருத்து மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. 1973-இல் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் இந்தப் பழைய சொல்லை எடுத்துத் தன் கம்பிப் பிணையத்துக்குச் சூட்டினார். அவருக்கு அந்த யோசனை வந்ததே ஒரு ரேடியோ பிணையத்திலிருந்துதான். கம்பியுள்ளது ஒரு வகை, கம்பியில்லாதது இன்னொரு வகை என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அந்தப் பிரிவு, விஷயத்தின் மையத்தைத் தவறவிடுகிறது என்பது என் கருத்து. பாதை ஒருவருக்கே உரியதா, பலருக்கும் பொதுவா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டால் ஸ்விட்ச், சேனல், பேண்ட்வித் முதலிய சொற்கள் ஒவ்வொன்றாகப் பொருள் பெறும்.

மெட்காஃபுக்கு வழிகாட்டிய அந்தப் பிணையத்தின் பெயர் அலோஹாநெட். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனின் குழு 1971-இல் அதை இயக்கத் தொடங்கியது. தீவுகளில் இருந்த முனையங்கள் ஓவாஹு தீவின் மையக் கணினியோடு ரேடியோ அலையில் பேசின. வேகம் நொடிக்கு 9,600 பிட். பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். (இணைய இணைப்பின் வேகத்தை பிட்டிலும் கோப்பின் அளவை பைட்டிலும் சொல்கிறார்கள். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. அது யாரும் செய்யும் மோசடி அல்ல.) மையத்தோடு பேச எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசைதான் இருந்தது. தகவலைச் சிறு பாக்கெட்டாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள். ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வராவிட்டால் வேறொன்றோடு மோதிச் சிதைந்தது என்று கொண்டு, குத்துமதிப்பாகக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்புவார்கள். முறை மிக எளியது. ஆனால் இழப்பு பெரிது. இப்படி நடக்கும் அலைவரிசையின் கொள்ளளவில் சுமார் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணிதம் காட்டுகிறது.

மெட்காஃபும் அவருடைய சகா டேவிட் பாக்ஸும் இதில் இரண்டு ஒழுங்குகளைச் சேர்த்தார்கள்: பேசுமுன் கேள், பேசும்போது இன்னொரு குரல் குறுக்கிட்டால் உடனே நிறுத்து. கட்டடம் முழுக்க ஓடிய ஒரே கோஆக்சியல் கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கின. வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட்டாக உயர்ந்தது. இருந்தாலும் அது செம்புக்குள் அடைத்த காற்றுதான், ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். உண்மையான திருப்பம் 1990-இல் வந்தது. அமெரிக்காவில் கல்பனா என்ற பெயரில் இயங்கிய சிறு நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த ஹப், ஒரு துளையில் வந்ததை எல்லாத் துளைகளிலும் திருப்பிச் சொல்லும். ஸ்விட்ச் அப்படியல்ல, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 48 பிட் மேக் முகவரியைப் படித்து, உரிய துளைக்கு மட்டும் பாக்கெட்டை அனுப்பும். ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை கிடைத்தது. போகவும் வரவும் ஒரே நேரத்தில் வழி திறந்ததால் மோதல் என்ற பேச்சே ஒழிந்தது.

வைஃபைக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. 1997-இல் வெளியான 802.11 என்னும் முதல் தரநிலையின் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இன்று அது ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. ஆனால் காற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் கிடையாது. வைஃபைக் கருவி தான் பேசும்போது தன் குரலே ஓங்கி ஒலிப்பதால் பிறர் குறுக்கிட்டாலும் அதற்குக் கேட்காது. அதனால் மோதலைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டுத் தவிர்க்கப் பார்க்கிறது: கேட்கும், சற்றுப் பொறுக்கும், அனுப்பும், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஹவாயின் பழைய வழக்கம் நம் வீட்டு ரவுட்டரில் உயிரோடு இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பயன்படுத்தக்கூடியவை மூன்றே சேனல்கள். வழக்கமாக 1, 6, 11. ஓர் அடுக்ககத்தில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைக்கற்றையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் அலை அதிகம் தளர்ந்துவிடும். செல்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும்போதே வீடியோ சுற்றிக்கொண்டிருப்பது ஏன் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. அந்தக் கோடுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று மட்டுமே சொல்கின்றன. பேச முறை எப்போது வரும் என்று சொல்வதில்லை.

‘புது ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் கேபிளைவிட அதிக வேகம் போட்டிருக்கிறதே’ என்று கேட்கலாம். அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது பல அலைக்கற்றைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிய தொகை. காத்திருப்பும் பதில்மொழியும் போக மிஞ்சுவதைத்தான் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதோடு, பேண்ட்வித் என்பது பாதையின் அகலம். லேட்டன்சி என்பது ஒரு பாக்கெட் போய்ச் சேர ஆகும் நேரம். இரண்டும் வேறு. காணொளி அழைப்பில் குரல் விட்டுவிட்டு வருவதற்கு, அந்த நேரம் சீராக இல்லாததே பல சமயம் காரணம்.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. வீட்டுக்கு வரும் ஃபைபரும் பொதுப்பாதைதானே? உண்மை. ஜிபான் என்னும் ஃபைபர் முறையில், நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட் சுமக்கும் ஒரே கண்ணாடி இழை 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடக் கிளை பிரியும். ஆனாலும் அங்கே கூச்சல் இல்லை. இணைப்பகத்திலுள்ள கருவி, எந்த வீடு எந்த நொடித்துளியில் பேசலாம் என்று முறை வைத்துக் கொடுக்கிறது. ஆகவே என் வாதத்தை நான் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்: பொதுப்பாதை என்பதே குறையல்ல, அதில் முறை வைக்க ஒருவர் இல்லாததுதான் குறை. வைஃபை 6 இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. சேனலைச் சிறு துண்டுகளாக்கி, யாருக்கு எது என்று ரவுட்டரே பகிர்ந்தளிக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அதன் அதிகாரம் அதனோடு இணைந்த கருவிகளோடு முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர் அதன் சொல்லைக் கேட்காது; அலையோ சுவரைத் தாண்டி வருகிறது.

ஆகவே ஒரு வீட்டில் எதற்கு வயர், எதற்கு வைஃபை என்று முடிவு செய்யும்போது கருவியின் விலையைவிட அது நடமாடுமா என்று பார்ப்பதே சரி. கூடத்தில் ஒரே இடத்தில் நிற்கும் டிவிக்கும் மேசைக் கணினிக்கும் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிட்டால், 100 மீட்டர் வரை வேகம் குறையாது. அவை காற்றில் பேசுவதை நிறுத்திய நேரம் முழுவதும், கேபிள் செருக வழியில்லாத செல்பேசிகளுக்குப் போய்ச் சேரும்.