அலாய் வீல் வாங்கப் போறீங்களா? ‘ஆஃப்செட்’ பார்க்காம பணம் கட்டாதீங்க!

வாழப்பாடியிலிருந்து சேலத்துக்கு அலாய் வீல் பார்க்கப் போகிறவர்கள், டிசைனும் விலையும் பிடித்துவிட்டால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நம்ம வண்டிக்கு உட்காருமாண்ணா?” போல்ட் எல்லாம் சரியாக உட்கார்ந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால், போல்ட் உட்காருவது வேறு, வீல் பொருந்துவது வேறு. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டும்போது தெரியாத கோளாறு, குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் டயர் உரசும் சத்தமாக வெளியே வரலாம்.

ஆஃப்செட் என்றால் என்ன?

வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காரின் ஹப் மீது வீல் உட்காரும் முகம், அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். வீலின் பின்பக்கம் ‘இ.டி.45’ என்பதுபோல் ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளும். கூடினால் உள்ளே போகும்.

கணக்கு ரொம்ப சிம்பிள்

பழைய வீல் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. புதுசு 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 35 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இன்ச் கூடுதல் அகலத்தில் பாதி, அதாவது 12.7 மி.மீ., இரண்டு பக்கமும் சேரும். ஆஃப்செட் 10 குறைந்ததால் வீல் முழுவதும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக, வெளிப்பக்கம் 22.7 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும், உள்பக்கம் 2.7 மி.மீ. மட்டுமே கூடும்.

வெளியே தள்ளினால் லோடு ஏறும்போது ஃபெண்டரில் டயர் உரசும், சேறும் கல்லும் பாடியில் அடிக்கும், வீல் பேரிங் மீது சுமை கூடும். ரொம்ப உள்ளே போனால் சஸ்பென்ஷனிலோ பிரேக் காலிப்பரிலோ இடிக்கும்.

ஸ்விஃப்ட் வீல் சிட்டிக்கு ஏறுமா?

மாருதி ஸ்விஃப்ட், நான்கு போல்ட் உள்ள ஹோண்டா சிட்டி இரண்டுக்கும் போல்ட் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 100 மி.மீ.தான். ஆனால், ஹப் நுழையும் நடு ஓட்டை ஸ்விஃப்ட்டில் 54.1, சிட்டியில் 56.1 மி.மீ. அதனால் ஸ்விஃப்ட்டின் கம்பெனி வீல் சிட்டியின் ஹப்பில் உட்காராது. வெளியே விற்கும் அலாய்களில் நடு ஓட்டை பெரிதாகவே இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் வீல் சரியாக நடுவில் நிற்காமல், வேகத்தில் ஸ்டீயரிங் அதிரலாம்.

டயர் சைஸ்?

மொத்த உயரம் மாறக் கூடாது. 185/65 ஆர்15 டயரின் உயரம் 621.5 மி.மீ. 16 இன்ச் வீலுக்கு 195/55 போட்டால் 620.9 மி.மீ.; கிட்டத்தட்ட அதேதான். உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பான வேகம் காட்டும்.

பணம் கட்டும் முன்...

- கார் மேனுவலில் உள்ள பி.சி.டி., ஆஃப்செட், நடு ஓட்டை, அகலம் நான்கையும் குறித்துக்கொண்டு போங்க. மேனுவலில் இல்லாததைப் பழைய வீலின் பின்பக்கம் பாருங்க, அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்க.
- வீலின் பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தாங்கும் எடையும் இருக்கிறதா பாருங்க.
- நட்டின் வடிவம் வீலின் ஓட்டைக்குப் பொருந்த வேண்டும். ஹோண்டா கம்பெனி நட் உருண்டை முனை கொண்டது. வெளியே வாங்கும் அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு முனை நட் வேண்டும்.
- “ஸ்பேசர் போட்டா சரியாயிடும்” என்றால் யோசிங்க. போல்ட்டில் நட் பிடிக்கும் நீளம் குறைந்தால் ஆபத்து.
- மாட்டியதும் நான்கு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்க. காலி வண்டியில் பார்ப்பது போதாது.
- முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி டைட் செய்யுங்க.

ஓட்டிப் பார்த்த பிறகு வீலைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். ஒரு மாதச் சம்பளம் போகிற விஷயம் என்பதால், டிசைன் பிடித்தாலும் ஆஃப்செட் தெரியாத செட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் லாபம்.