வீட்டு மின்வழங்கல் சீர்தரங்கள்

வீட்டு மின்வழங்கல் சீர்தரங்கள் என்பவை, ஒரு நாட்டில் வீடுகளுக்கு வழங்கப்படும் மாறுதிசை மின்சாரத்தின் மின்னழுத்தம், அலைவெண், அதைப் பெறும் செருகியின் வடிவம் ஆகியவற்றை வரையறுக்கும் விதிகள் ஆகும். இம்மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. செருகி பொருந்துவதால் மின்னழுத்தமும் பொருந்தும் என்றோ, மின்னழுத்தம் பொருந்துவதால் கருவி கெடாது என்றோ கொள்ள இயலாது. இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரமும் வழங்கப்படுகின்றன.

மின்னழுத்தம்

230 வோல்ட் என்பது பெயரளவு மதிப்பே. இந்தியாவில் தெருவோர மின்மாற்றிகள் பொதுவாக 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கின்றன. இது மும்முனை மின்சாரத்தின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட அளவு. ஒரு முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே இது 250 வோல்ட் ஆகும். எனவே மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீடு 230-ஐ விடக் கூடுதலாகவே பெறக்கூடும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் போன்ற திண்டுக்கல் சமவெளிப் பகுதிகளில், கிணற்று மோட்டார்கள் ஒருசேர இயங்கும் வேளையில் நீண்ட கம்பியின் கடைக்கோடியிலுள்ள வீட்டில் மின்னழுத்தம் வெகுவாகக் குறையலாம். ஒரே ஊரில் ஒரு வீட்டில் பல்பு அடிக்கடி எரிந்துபோவதும் மற்றொரு வீட்டில் மங்கலாக எரிவதும் இதனால்தான்.

120 வோல்ட்டில் அதே திறனைப் பெற ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் தேவை. ஒரே கம்பியில் இழப்பு நான்கு மடங்காகும். ஆகவே அமெரிக்காவில் ஒரு சில வீடுகளுக்கு ஒரு சிறு மின்மாற்றி வைத்துக் கம்பியைக் குறுக்குகின்றனர். அங்கும் அடுப்பு போன்ற பெருங்கருவிகளுக்கு 240 வோல்ட் தரப்படுகிறது.

அலைவெண்

மின்னழுத்தத்தைப் போல அலைவெண் கம்பியின் நீளத்தால் குறைவதில்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புகளுடன் இணைக்கப்பட்டது. அதுமுதல் திண்டுக்கல்லிலும் தில்லியிலும் அலைவெண் ஒன்றே. ஜப்பானிலோ ஒரே நாட்டில் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் 100 வோல்ட்.

இங்கு வாங்கிய ஈரமாவு கிரைண்டரை அமெரிக்காவில் நேரடியாக இணைத்தால், அதன் தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை ஏறத்தாழ கால் பங்காகும். அரிசி நிறைந்த கல் சுழலாது. மோட்டார் முனகியபடி சூடேறிச் சுருள் எரியக்கூடும். மின்மாற்றி கொண்டு 230 வோல்ட்டாக உயர்த்தினாலும் அலைவெண் 60 ஆகவே இருப்பதால் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். மிக்சியின் மோட்டார் தூரிகை வகையைச் சேர்ந்தது. அதன் வேகம் அலைவெண்ணைப் பொறுத்ததன்று.

இதன் மறுதலை கவனிக்கப்படாதது. சவூதி அரேபியாவில் அலைவெண் 60. அங்கு 60 ஹெர்ட்ஸுக்கென மட்டும் செய்யப்பட்ட 220 வோல்ட் குளிர்பதனப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தால் மின்னழுத்தம் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் 50 ஹெர்ட்ஸில் அதன் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். வாங்கும்போதே பெயர்த்தகட்டில் 50/60 என உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். கைபேசி மின்னேற்றிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. அவற்றுக்கு இச்சிக்கல் இல்லை.

செருகி

இந்தியாவின் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் உருண்டை முனைச் செருகிகள் பிரித்தானியாவின் பழைய வடிவத்திலிருந்து வந்தவை. பிரித்தானியா 1947இல் உருகி பொருத்திய 13 ஆம்பியர் செவ்வக முனைக்கு மாறியது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதையே பின்பற்றுகின்றன. இந்தியாவைப் போல் உருண்டை முனையைப் பயன்படுத்திவந்த இலங்கை, 2016இல் 13 ஆம்பியர் வடிவைத் தேசியச் சீர்தரமாக அறிவித்தது.

வெளிநாடு செல்வோர் வாங்கும் இணைப்பி செருகியின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. ஐரோப்பிய இருமுனைச் செருகி நம் ஐந்துதுளைப் பொருத்துவாயில் தளர்வாக நுழைந்துவிடும், ஆயினும் நிலத்தொடுப்பு கிடைக்காது. மும்முனைச் செருகியில் பருமனும் நீளமும் கூடிய முனையே நிலத்தொடுப்பு முனை. செருகும்போது அது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. அம்முனையை வெட்டிவிட்டுச் செருகுவதும், செருகியே இன்றிக் கம்பி முனைகளைத் தீக்குச்சியால் அடைத்து வைப்பதும் இப்பாதுகாப்பை அடியோடு நீக்குகின்றன. கிரைண்டரின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் அது ஈரக்கையின் வழியாகவே நிலத்தை அடையும்.