ஸ்லாட் கார் வளைவில் பறக்கிறதா? மோட்டாரைத் திட்டாதீர்கள்!

நேர்ப்பாதையில் சீறிக்கொண்டு போன கார், முதல் வளைவிலேயே டிராக்கைவிட்டுப் பறந்து சோஃபாவுக்கு அடியில் போய்க் கிடக்கிறது. அதற்குள் பக்கத்து லேனில் ஓட்டியவர் ஜெயித்துவிட்டார். உடனே வீட்டில் ஒரு குரல் கேட்கும்... "இன்னும் பவரான மோட்டார் வாங்கிக் கொடுங்கப்பா!"

பர்ஸைத் திறப்பதற்கு முன்பு காரைக் கவிழ்த்துப் பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1957-ல் இங்கிலாந்தின் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' கார்களை அறிமுகப்படுத்தினார் ஃப்ரெட் ஃப்ரான்சிஸ். ஸ்பிரிங் விசையில் ஓடும் அவருடைய 'ஸ்கேலெக்ஸ்' கார்களோடு 'எலெக்ட்ரிக்' சேர்ந்ததால் வந்த பெயர் அது. இன்றைய செட்களில், டிராக்கில் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் மின்சாரம் தரும் உலோகப் பட்டைகள், பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் 'கைடு' என்ற சின்ன நாக்கு... அவ்வளவுதான். ஸ்டியரிங் கிடையாது. வேகம் மட்டுமே உங்கள் கையில்.

பார்க்க நான்கு சக்கரம் இருந்தாலும், ஸ்லாட் கார் உண்மையில் ஓர் ஆட்டோரிக்‌ஷா! முன்னால் கைடு, பின்னால் இரண்டு டயர்கள். இந்த மூன்று புள்ளிகளில்தான் கார் நிற்கிறது. முன் சக்கரங்கள் பெரும்பாலும் அழகுக்குத்தான். அவை காரைத் தூக்கிப் பிடித்தால், கைடு பள்ளத்தில் முழுசாக இறங்காது. வளைவில் கார் வெளியே வர அது ஒன்றே போதும். காரை டிராக்கில் வைத்து முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. ஆட்டோவின் கூரையில் மூட்டை ஏற்றி வேகமாகத் திருப்பினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். எடை உயரத்தில் இருந்தால் கார் சாயும், கைடு எழும்பும். எடை தரையை ஒட்டி இருந்தால், பின்பக்கம் லேசாக வழுக்கிவிட்டு கார் தன் வழியில் போகும். 1960-களில் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் பித்தளையையும் பியானோ கம்பியையும் பற்றவைத்து சேஸிஸ் செய்தது இதற்காகத்தான். எடையை ரொம்பவும் பின்னால் தள்ளினால் மூக்கு லேசாகி, வேகமெடுக்கும்போது கைடு தூக்கும். ரொம்ப முன்னால் வைத்தால் பின் டயருக்குப் பிடிமானம் குறையும்.

காசே செலவில்லாத ஒரு வித்தை சொல்லட்டுமா? மேல்பாடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை முழுக்க இறுக்கிவிட்டு, அரைச் சுற்று தளர்த்துங்கள். பாடி லேசாக ஆடும். டிராக்கின் குலுக்கல் சேஸிஸோடு நின்றுவிடும். பல கார்களில் வித்தியாசம் உடனே தெரியும். ஸ்க்ரூ கழன்று விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் டயரில் ஒட்டிய தூசியை, செல்லோ டேப்பின் பசைப் பக்கத்தில் உருட்டி எடுங்கள். டயர் கோணலாக இருந்தால், டிராக்கில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் டயரை மெதுவாகச் சுழலவிட்டுச் சமன்செய்யலாம்.

கடைசியாக, காந்தம். பல கார்களின் அடியில் இருக்கும் காந்தம், உலோகப் பட்டையை இழுத்துக் காரை டிராக்கோடு அமுக்கிப் பிடிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு நல்லது. ஆனால், என்னைக் கேட்டால், பத்து வயதைத் தாண்டியவர்கள் அதை ஒருமுறை கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். லேப் டைம் கூடும், முதல் நாள் எரிச்சலும் வரும். ஆனால், கார் எங்கே வழுக்குகிறது, எங்கே ட்ரிகரைத் தளர்த்த வேண்டும் என்பது அப்போதுதான் விரலுக்குப் புரியும்.

கழற்றிய காந்தத்தைக் குட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் ஆபத்து.