அரசு வசமுள்ள தொல்பொருட்கள்: சித்தூர், திருப்பதி மாவட்ட மக்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதில் சந்திரகிரி, குடிமல்லம், ஸ்ரீகாளஹஸ்தி ஆகிய ஊர்கள் திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றன. இந்த ஊர்களின் சிலைகள், கல்வெட்டுகள், அகழாய்வுப் பொருட்கள் யாருடைய பொறுப்பில் உள்ளன, அவற்றின் கணக்கு எங்கே இருக்கிறது என்பதில் பொதுமக்களிடையே குழப்பம் நிலவுகிறது. நாடு முழுவதும் தொல்பொருள் கணக்கெடுப்பு பாதிகூட முடியவில்லை என்று நாடாளுமன்றக் குழுவும் சுட்டிக்காட்டியுள்ளது. இது தொடர்பாகப் பொதுவாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும்:

மாவட்டம் பிரிந்ததால் தொல்பொருட்களும் பங்கு பிரிக்கப்படுமா?

இல்லை. 2022 ஏப்ரல் 4-ம் தேதி ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்டபோது மாறியது நிர்வாக எல்லை மட்டுமே. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களும் அருங்காட்சியகமும் அத்துறையிடமே தொடர்கின்றன; மாநிலத் துறையின் பொருட்கள் மாநில அரசிடமே உள்ளன. புதையல் தகவல் போன்று ஆட்சியர் வழியாக நடக்க வேண்டிய பணிகளுக்கு மட்டும் அந்தந்தப் புதிய மாவட்ட ஆட்சியர் பொறுப்பாவார்.

அப்படியானால் மாவட்டப் பெயர் மாறியதால் பாதிப்பே இல்லையா?

பொருளுக்குப் பாதிப்பில்லை, பதிவேட்டில் தேடுவோருக்கு உண்டு. குடிமல்லம் 1911 வரை வட ஆற்காடு, பின்னர் 2022 வரை சித்தூர், இப்போது திருப்பதி மாவட்டம் என்பதால், ஒரே ஊரின் ஆவணங்கள் மூன்று தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணியின் பழைய பதிவுகளையும் இதேபோல் சித்தூர் மாவட்டத் தலைப்பில்தான் தேட வேண்டும். மூன்று பெயர்களையும் ஊர் வாரியாக இணைத்து ஓர் அட்டவணை தயாரிப்பது, செலவு அதிகமில்லாத, ஆனால் தள்ளிப்போடக் கூடாத வேலை.

அரசுக்குச் சொந்தமான தொல்பொருட்கள் எந்தெந்தத் துறையிடம் உள்ளன?

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958-ம் ஆண்டுச் சட்டமும், மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு ஆந்திரத்தின் 1960-ம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். இவை தவிர, பல்கலைக்கழகத் துறைகள் கள ஆய்வில் சேகரித்த பொருட்களும் உண்டு. எடுத்துக்காட்டாக, ரேணிகுண்டா சுற்றுவட்டாரம் 1960-களில் எம்.எல்.கே. மூர்த்தி நடத்திய ஆய்வுகளால் பழைய கற்கால ஆய்வாளர்களிடையே அறியப்பட்ட பகுதி. கோயில் சொத்துகள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு அறநிலையச் சட்டம் தனியே உள்ளது.

சந்திரகிரி கோட்டை அருங்காட்சியகம் யாருடையது?

கோட்டைக்குள் உள்ள ராஜ மஹாலில் இயங்கும் இந்த அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்தது. குடிமல்லம், கண்டிகோட்டா, யாகண்டி ஆகிய இடங்களின் சிற்பங்கள் இங்கு வைக்கப்பட்டுள்ளன. எனவே, ஒரு சிற்பம் சந்திரகிரியில் இருப்பதால் அது சந்திரகிரியில் கிடைத்தது என்று கொள்ள முடியாது. எங்கிருந்து, எப்போது, எந்த உத்தரவின் பேரில் வந்தது என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

குடிமல்லம் லிங்கத்தின் காலம் குறித்து மாறுபட்ட கருத்துகள் இருப்பது ஏன்?

ஏர்ப்பேடு அருகே பரசுராமேசுவரர் கோயிலில் உள்ள சுமார் 5 அடி உயர லிங்கத்தை கி.மு. காலத்தது என்போரும், அதற்குப் பிந்தையது என்போரும் உள்ளனர். 1973-ல் ஐ. கார்த்திகேய சர்மா தலைமையில் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, இப்போதைய கட்டடத்துக்கு முந்தைய செங்கல் கட்டுமானத்தை வெளிப்படுத்தியது. எந்த மண்ணடுக்கில் எந்த ஓடு, எந்தச் செங்கல் கிடைத்தது என்ற குறிப்புகளே காலக் கணிப்புக்கு அடிப்படை. தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது என்பதால், அந்தக் குறிப்பேடுகளும் வரைபடங்களும் சிற்பத்துக்கு நிகரான பாதுகாப்பைப் பெற வேண்டியவை.

அருங்காட்சியகப் பதிவேட்டில் என்னென்ன எழுதப்படும்?

வரிசை எண், பொருளின் பெயர், கிடைத்த இடம், வந்த தேதி, வந்த வழி, அளவு, எடை, உலோகமா கல்லா என்ற விவரம், பின்னம் இருந்தால் அதன் விவரம், வைத்திருக்கும் இடம் ஆகியவை இடம்பெறும். அதே எண் பொருளின் மீதும் எழுதப்படும்: முகம், எழுத்து, வேலைப்பாடு இல்லாத ஓரிடத்தில் முதலில் மெல்லிய பூச்சு, அதன்மேல் எண், அதன்மேல் மீண்டும் பூச்சு. பிற்காலத்தில் எண்ணை அழிக்க நேர்ந்தாலும் கல்லுக்கோ உலோகத்துக்கோ சேதம் வராமலிருக்கவே இந்த ஏற்பாடு. எண் அழிந்து, பதிவேட்டில் படமும் இல்லையென்றால், கிடங்கில் உள்ள இரண்டு விநாயகர் சிலைகளில் எது எந்த ஊருடையது என்று காப்பாட்சியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இருப்பு மதிப்பீடு எப்படி நடைபெறும்? பொருட்களுக்கு விலை போடப்படுமா?

விலை நிர்ணயம் இதன் நோக்கமல்ல. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் அலமாரியில் உள்ளதா என்றும், அலமாரியில் உள்ள ஒவ்வொரு பொருளும் பதிவேட்டில் உள்ளதா என்றும் இருவழியிலும் சரிபார்க்கப்படும். முதல் வழியில் மட்டும் பார்த்தால் காணாமல் போனவை தெரியவரும். பதிவே ஆகாமல் கிடப்பவை தெரியாது. அத்துடன் வெண்கலத்தில் பச்சைத் துகள், கல்லில் உப்புப் பூத்தல், சுவடியில் பூச்சி அரிப்பு எனப் பொருளின் நிலையும் குறிக்கப்பட்டு, எதற்கு முதலில் சிகிச்சை தேவை என்று முடிவு செய்யப்படும்.

நாடு முழுவதும் எத்தனை தொல்பொருட்களுக்குக் கணக்கு உள்ளது?

இந்தியாவில் சுமார் 58 லட்சம் தொல்பொருட்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2007-ல் தொடங்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னங்கள் மற்றும் தொல்பொருட்கள் இயக்கம் அவற்றில் சுமார் 16.8 லட்சத்தை மட்டுமே ஆவணப்படுத்தியிருந்தது 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வழியாகத் தெரியவந்தது. இது பத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. 16 ஆண்டுகளுக்கு மிகவும் குறைந்த அளவே.

தணிக்கைத் துறை இதுபற்றி ஏதாவது கூறியுள்ளதா?

மத்திய கணக்குத் தணிக்கைத் துறை 2013-ல் வெளியிட்ட 18-ம் எண் அறிக்கை நினைவுச்சின்னங்கள், தொல்பொருட்கள் ஆகியவற்றின் பாதுகாப்பு பற்றியது. நேரில் ஆய்வு செய்த 1,655 சின்னங்களில் 92 இருக்கும் இடம் தெரியவில்லை என்று அதில் கூறப்பட்டது. பின்னர் இவற்றில் பல கண்டறியப்பட்டன. எனினும் 24 சின்னங்களை இன்னும் கண்டறிய முடியவில்லை என்று கலாசார அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பதிவு இல்லாவிட்டால் நடைமுறையில் என்ன இழப்பு?

திருட்டுப் போன பொருளைத் திரும்பக் கேட்க ஆதாரம் இருக்காது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கியது. சிலை கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்ட, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த படமே அது திருடப்பட்டது என்பதை நிறுவ உதவியது. சிலை 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. படம் எடுக்கப்படாத சிலைகளுக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

சித்தூர் பகுதிப் பொருட்கள் சென்னையில் இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது; அக்காலத்தில் புதையலாகக் கிடைத்த சிலைகளும் காசுகளும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். அந்த அருங்காட்சியகத்தின் அச்சிட்ட பட்டியல்களில் ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம். அதற்காக 1904-ல் வாங்கப்பட்ட, தொல்பழங்கால ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் சேகரிப்பு, ஊர் வாரியான விரிவான பட்டியலுடன் அச்சேறியதால்தான் நூறாண்டுக்குப் பின்னும் ஆய்வுக்குப் பயன்படுகிறது.

கல்வெட்டு மைப்படிகள் என்பவை எவை? அவை எங்கே உள்ளன?

கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் காகிதம் படியும்வரை தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றி எடுக்கப்படும் நகலே மைப்படி. எழுத்து வெட்டப்பட்ட இடம் வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருப்பாகவும் தெரியும். 1886-ல் பெங்களூரில் தொடங்கிய மத்தியக் கல்வெட்டுப் பிரிவின் தலைமையகம் இப்போது மைசூருவில் உள்ளது. அங்குள்ள தமிழ் மைப்படிகளை ஆறு மாதங்களுக்குள் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டதால், சித்தூர், திருப்பதி பகுதித் தமிழ்க் கல்வெட்டுகளைத் தேடுவோர் இரு இடங்களிலும் விசாரிப்பது நல்லது.

கல்வெட்டு கோயிலிலேயே இருக்கும்போது காகித நகல் எதற்கு?

கல்லும் நிரந்தரமல்ல. கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26-ம் தேதி இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது புதிதாகக் கட்டப்பட்ட கோபுரம். சுண்ணாம்பு பூசுதல், மணல் பாய்ச்சித் தூய்மை செய்தல், தரை உயர்த்துதல் ஆகியவற்றாலும் எழுத்துகள் அழிகின்றன. அத்தகைய இடங்களில் முன்பு எடுத்த மைப்படியும் படமுமே மூல ஆவணமாகின்றன.

திருமலை கோயில் கல்வெட்டுகளுக்குப் பதிவு உள்ளதா?

உள்ளது. தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆய்வாளராக இருந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் அறிக்கை 1930-ல் வெளிவந்தது. தொடர்ந்து கல்வெட்டுகள் தொகுதிகளாக அச்சிடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. ஒரு கோயில் நிர்வாகம் தன் ஆவணங்களைத் தானே முறையாகப் பதிப்பித்ததற்குத் தென்னிந்தியாவில் இதைவிடச் சிறந்த முன்மாதிரியைக் காண்பது அரிது.

திருமலை கோயிலை மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டதா?

இல்லை. தேவஸ்தானத்தின் பழைமையான கட்டடங்கள் குறித்த விவரம் கேட்டு 2018 மே மாதம் தொல்லியல் துறை அதிகாரிகள் அனுப்பிய கடிதம் சர்ச்சையானதும் உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது. திருமலை கோயில் ஆந்திர அறநிலையச் சட்டம், 1987-ன் கீழ் தேவஸ்தான அறங்காவலர் குழுவால் நிர்வகிக்கப்படுகிறது.

ஓலைச்சுவடி வைத்திருப்போரிடமிருந்து அரசு அவற்றை எடுத்துக்கொள்ளுமா?

2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம், கல்வி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், நூலகங்கள், தனியார் வசமுள்ள ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்தி, பாதுகாப்பதற்கானது. உடைமை மாற்றம் குறித்து அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை. திருப்பதியில் 1939-ல் தொடங்கப்பட்டு, இப்போது ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் உள்ள கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் சுவடிகளைச் சேகரித்துப் பதிப்பிக்கும் பணிக்காகவே அறியப்பட்டது.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் பழைய பதிவேடுகள் தேவையில்லையா?

தேவை. அருங்காட்சியகங்களுக்கென புணே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஜதன் மென்பொருள் படங்களையும் விவரங்களையும் சேமிக்க உதவுகிறது. ஆனால் அதில் ஏறுவது பழைய பதிவேட்டில் இருந்து எடுத்து எழுதப்பட்ட செய்தியே. எழுதும்போது ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் மூலத்தைப் பார்த்தே திருத்த முடியும். அடித்தல், திருத்தல், ஓரக் குறிப்பு, கையொப்பம் ஆகியவையும் சான்றுகளே.

பழைய கோப்புகளை இடப் பற்றாக்குறை என்று சொல்லி அழிக்கலாமா?

மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொதுப் பதிவேடுகள் சட்டம், 1993 பொருந்தும். 25 ஆண்டுகளைக் கடந்த பதிவேடுகளை மதிப்பாய்வு செய்யாமல் அழிக்க முடியாது. 1892-க்கு முந்தையவற்றை, பயன்படுத்தவே முடியாத நிலையில் இருந்தாலன்றி அழிக்கக் கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நிலத்தை உழும்போது சிலையோ காசுகளோ கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, ரூ.10-க்கு மேல் மதிப்புள்ள எதுவாயினும் கண்டெடுத்தவர் அதன் தன்மை, அளவு, இடம், தேதி ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாக ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பிணை அளிக்க வேண்டும். தகவலை மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கிடைத்த இடத்தைக் கலைக்காமல், சிலையைக் கழுவாமல் இருந்தால் ஆய்வுக்குப் பெரிதும் உதவும்.

கண்டெடுத்தவருக்கு ஏதாவது கிடைக்குமா?

ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, அதிலிருந்து 4 மாதங்களுக்குக் குறையாமலும் 6 மாதங்களுக்கு மிகாமலும் ஒரு நாளில் விசாரணை நடத்துவார். புதைத்தவர் யாரும் இல்லை என முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு ஒரு பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொண்டால், மூலப்பொருளின் மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வழங்கும். இவை மத்தியச் சட்டத்தின் விதிகள். மாநிலத் திருத்தங்கள் இருப்பின் அவற்றுக்கு உட்பட்டவை.

வீட்டில் பரம்பரையாக உள்ள பழைய சிலையைப் பதிவு செய்ய வேண்டுமா?

1976 ஏப்ரல் 5-ம் தேதி நடைமுறைக்கு வந்த தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972-ன்படி 100 ஆண்டுகளைக் கடந்த பொருள் தொல்பொருளாகும். சுவடிகளுக்கு 75 ஆண்டுகள். கல், உலோகம், சுடுமண், மரம், தந்தம் ஆகியவற்றால் ஆன சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியமுள்ள சுவடிகள் ஆகியவற்றைப் படத்துடன் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வதால் உரிமை போய்விடாது. ஆனால், தனிநபர் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஓர் ஊரில் எடுக்கப்பட்ட சிலை இப்போது எங்கே உள்ளது என்று பொதுமக்கள் கேட்க முடியுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் கேட்கலாம். மத்தியத் தொல்லியல் துறைக்கான விண்ணப்பக் கட்டணம் ரூ.10, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. ஊரின் இன்றைய மாவட்டத்துடன் பழைய மாவட்டப் பெயரையும், எடுக்கப்பட்ட ஆண்டையும் குறிப்பிட்டால் பதிவேட்டில் தேடுவது எளிதாகும். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.