‘ஜூலு’ படம் சொல்லாமல் விட்ட பாதி

பிரிட்டிஷ் போர்ப் படங்களில் இன்றும் பேசப்படும் ‘ஜூலு’, 1964 ஜனவரி 22-ஆம் தேதி லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தேதி வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. சரியாக 85 ஆண்டுகளுக்கு முன்பு, 1879-இல் அதே நாளில்தான் படத்தில் வரும் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டை தொடங்கியது.

இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எல்லை. 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே நேட்டால்தான். ஆற்றுத்துறைக்கு அருகிலிருந்த ஒரு மிஷன் நிலையத்தை ராணுவம் கிடங்காகவும் மருத்துவமனையாகவும் பயன்படுத்தி வந்தது. நோயாளிகளையும் சேர்த்து அங்கே சுமார் 150 பேர். எதிரே வந்தவர்கள் 3,000 முதல் 4,000 ஜூலு வீரர்கள். சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி அரண் அமைத்து, இரவெல்லாம் போராடினார்கள். 17 பேர் மாண்டனர். 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. இதெல்லாம் உண்மை. ஸ்டான்லி பேக்கரும் இளம் மைக்கேல் கெய்னும் அந்தப் பதற்றத்தை நன்றாகவே கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஜூலுக்கள் ஏன் வந்தார்கள்? படம் அதைச் சொல்வதில்லை. படையெடுத்தவர்கள் பிரிட்டிஷார்தான். படை அமைப்பையே கலைக்க வேண்டும் என மன்னர் செட்ஷ்வாயோவால் ஏற்க முடியாத கெடு விதித்து, ஜனவரி 11-இல் அவர் நாட்டுக்குள் புகுந்தார்கள். மன்னரோ, நேட்டால் எல்லையைத் தாண்டக் கூடாது என்று தம் படைக்கு உத்தரவிட்டிருந்தார். அதை மீறியவர் அவருடைய சகோதரர் டபுலமன்சி. அன்று பகலில் இசாண்டல்வானாவில் பிரிட்டிஷ் முகாமே அழிந்து 1,300-க்கும் மேற்பட்டோர் மடிந்ததைப் படம் தொடக்கத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

முடிவில் ஜூலு வீரர்கள் குன்றின்மேல் நின்று எதிரிகளுக்கு மரியாதை செலுத்துவார்கள். பார்க்கச் சிலிர்க்கும்; நடக்காத காட்சி. நடந்தது வேறு. சண்டை முடிந்தபின், காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்கள் கொல்லப்பட்டார்கள். அது படத்தில் இல்லை.

சிப்பாய் ஹென்றி ஹூக்கைக் குடிகாரராகக் காட்டியதும் கற்பனைதான். நிஜ ஹூக் ஒழுங்கான சிப்பாய். அவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

தொடக்கத்தில் செட்ஷ்வாயோவாக நடித்தவர் அவருடைய கொள்ளுப்பேரன் மங்கோசுத்து புத்தலேசி. வசனம் குறைவான வேடம். 30 ஆண்டுகள் கழித்து, மண்டேலா அரசில் அவரே உள்துறை அமைச்சரானார்.