எடை குறையக் குறைய விலை கூடும் சரக்கு

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 26,000 ரூபாய் கொடுத்த கதையைச் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டோம். அன்று முதல் நண்பர்கள் விடவில்லை, இதழுக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு நாமும் நம் வீட்டம்மாவும் அமெரிக்காவில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது நடந்த சங்கதி இது. மாட்டிறைச்சிக்குப் பெயர்போன உணவகத்தைப் பற்றி வணிகர் இதழில் எதற்கு என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் வீட்டிலும் அது சமைப்பதில்லை. அன்று அங்கேயும் நாம் அதைத் தொடவில்லை. ஆனால் அந்தக் கடை நடக்கிற விதத்தைக் கேட்டறிந்தபோது, நம் அரிசிக் கிட்டங்கியின் கதையை வேறு யாரோ சொல்வது போல இருந்தது. அதனால்தான் எழுதுகிறோம்.

நியூயார்க்கில் "ஸ்டேக் ஹவுஸ்" என்று ஒரு வகை உணவகம் உண்டு. கனமாக வெட்டிய இறைச்சித் துண்டை மசாலா எதுவும் இல்லாமல், உப்பு மட்டும் தூவிக் கடும் தணலில் வாட்டிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் சமையல். அதற்குத்தான் அந்த விலை. இவற்றில் மிகப் பழையனவற்றுள் ஒன்று புரூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு அருகில் இருக்கும் "பீட்டர் லூகர்". 1887-ல் தொடங்கியது. ஜெர்மானியர் நிறைந்திருந்த அந்தப் பேட்டையில் காபி, பில்லியர்ட்ஸ், பந்துருட்டும் விளையாட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த இடமாக ஆரம்பித்ததாம். பாலமே 1903-ல்தான் வந்தது. கடை அதற்கும் மூத்தது.

பல வாரங்களுக்கு முன்பே மகன் தொலைபேசியில் இடம் பிடித்து வைத்திருந்தான். பெரிய இடம் என்கிறார்களே, பட்டு விரிப்பும் கண்ணாடிச் சரவிளக்குமாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். ஒன்றும் இல்லை. விரிப்பே இல்லாத மரமேசை, மரத்தரை, சுவரெல்லாம் மரப்பலகை. கழுத்தில் கறுப்புப் "போ"வும் இடுப்பில் வெள்ளைத் துணியும் கட்டிய வயதான பரிமாறுபவர்கள். நம் ஊரில் இருபது முப்பது ஆண்டு வேலை பார்த்த கணக்குப்பிள்ளைகளிடம் இருக்கும் ஒரு மிடுக்கு அவர்களிடம் இருந்தது. முதலாளியைக்கூட அதட்டுவார்கள் போலிருந்தது.

மகனும் மருமகளும் "இருவருக்கான ஸ்டேக்" கேட்டார்கள். நாம் ஆட்டு விலா எலும்புக் கறி, வீட்டம்மாவுக்கு மீன். முதலில் தடிமனாக வெட்டிய தக்காளியும் வெங்காயமும் வந்தன. பாலாடை சேர்த்து மசித்த கீரையும், வறுத்த உருளைக்கிழங்கும் பிறகு வந்தன. அந்தக் கீரையை நம் வீட்டம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு கொதிக்கும் வெண்ணெயோடு ஸ்டேக் தட்டு வந்தது. எலும்பிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, மீண்டும் எலும்போடு ஒட்டி அடுக்கியிருந்தார்கள். ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பெரிய தட்டின் ஒரு பக்கத்தைச் சாய்த்து வைத்தார் பரிமாறுபவர். உருகிய நெய்யும் சாறும் ஓர் ஓரமாக வடிந்து சேர, அதைக் கரண்டியால் மொண்டு துண்டுகள்மேல் ஊற்றிப் பரிமாறினார். அதிலிருந்து வந்த மணம் இறைச்சி மணமாகவே நமக்குத் தோன்றவில்லை; முந்திரியை நெய்யில் வறுத்தாற்போல ஒரு வாசனை. "இது என்னடா இப்படி மணக்கிறது?" என்று கேட்டோம். "நாலு வாரம் பழக வைத்த இறைச்சி அப்பா. நம் பழைய அரிசி மாதிரி" என்றான் மகன்.

அந்த ஒரு சொல் போதாதா! சாப்பாட்டை மறந்துவிட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டோம். அன்று கேட்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் இறைச்சிக்கு அரசாங்க வேளாண்துறை தரம் பிரித்து முத்திரை இடுகிறது. 1927 முதல் நடக்கிற ஏற்பாடு. சுகாதாரச் சோதனை கட்டாயம். தரம் பிரிப்பது கட்டாயமில்லை, வேண்டுவோர் கட்டணம் கட்டிச் செய்துகொள்வது. பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் நடுவே வெட்டி, தசைக்குள் வெள்ளைக் கொழுப்பு எவ்வளவு இழை இழையாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பளிங்குக் கல்லில் ஓடும் கோடு போல இருப்பதால் அதற்கு "மார்பிளிங்" என்று பெயர். மிக உயர்ந்த தரம் "பிரைம்". அது மொத்தத்தில் சிறு பங்குதான். இதுவரை நமக்கும் புதிதில்லை. மிளகாயிலும் மஞ்சளிலும் நாம் செய்கிற தரப்பிரிவுதான்.

அந்த "பிரைம்" சரக்கைக் கொண்டுவந்து, கடையின் கீழ்த்தளத்தில் குளிர் அறையில் உறை எதுவும் போடாமல் வாரக்கணக்கில் அடுக்கி வைக்கிறார்கள். குளிர் உறைநிலைக்குச் சற்று மேலே, 1 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை. ஈரப்பதமும் காற்றோட்டமும் அளவாக இருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் அழுகும். குறைந்தால் வறண்டு போகும். இப்படி வைத்தால் இறைச்சியில் இயற்கையாகவே உள்ள நொதிகள் தசைநாரைத் தளர்த்தி மென்மையாக்கும். நீர் ஆவியாகிப் போகப் போக ருசி செறியும். வெளிப்புறம் கறுத்து ஓடு போல ஆகிவிடும். அதைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். வற்றியதும் செதுக்கியதும் சேர்ந்து, நாட்களைப் பொறுத்து, எடையில் கால் பங்கு வரை போய்விடும்.

அன்பர்களே, இந்தக் கணக்கை நாம் மனத்துக்குள் போட்டுப் பார்த்தோம். 100 கிலோ வாங்கி 75 கிலோ விற்றால், ஒரு டாலருக்கு வாங்கிய சரக்கின் அடக்கம் 1.33 டாலர் ஆகிவிடுகிறது. அதன்மேல் முடங்கிய முதலுக்கு வட்டி, இரவு பகலாக ஓடும் குளிர்பெட்டிக்கு மின்சாரம். இவ்வளவும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால். அறுவடையான பொன்னியை வாங்கி, எட்டு மாதம், ஒரு வருடம் கிட்டங்கியில் போட்டு, வண்டு விழாமல் பார்த்து, அட்டி மாற்றி மாற்றி அடுக்கி, மூட்டைக்கு இத்தனை கிலோ குறைவு என்று எழுதிக் கழித்துவிட்டுப் "பழைய அரிசி" என்று விற்ற தலைமுறை நம்முடையது. சோறு அதிகம் காணும், உதிரியாக நிற்கும் என்று கல்யாணச் சமையல்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். பொருளை வைத்திருப்பதற்கே ஒரு விலை உண்டு என்பதை நியூயார்க்கில் போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

கடையின் பிற்காலக் கதை இன்னும் விசேஷம். பீட்டர் லூகர் 1941-ல் காலமான பின் கடை நொடித்து, 1950-ல் ஏலத்துக்கு வந்தது. எதிரே உலோகப் பாத்திரத் தொழிற்சாலை வைத்திருந்த சோல் ஃபோர்மன் என்பவர் தம் வாடிக்கையாளர்களை நெடுங்காலமாக அங்கேதான் விருந்துக்கு அழைத்துப் போவாராம். கடை போனால் விருந்துக்கு எங்கே போவது என்று அவரே ஏலத்தில் எடுத்துவிட்டார்! அவருக்கு இறைச்சித் தொழில் தெரியாது. அவர் மனைவி மார்ஷாவோ, வேளாண்துறையில் தரம் பிரித்து ஓய்வு பெற்ற ஒருவரை ஆசானாக வைத்துக்கொண்டு, மொத்தச் சந்தையின் குளிர்க் கிடங்குகளில் ஏறி இறங்கி இரண்டு ஆண்டுகள் தொழில் கற்றார். ஆண்கள் மட்டுமே புழங்கிய சந்தை அது. அரசாங்க முத்திரை இருக்கிறதே என்று எடுத்துவிட மாட்டாராம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பிடித்ததன்மேல் தம் கடை முத்திரையைக் குத்திவிட்டு வருவார். மாற்றி அனுப்ப முடியாதல்லவா! அவருக்குப் பின் மகள்கள், அவர்களுக்குப் பின் பேத்தி என்று கொள்முதல் அந்தக் குடும்பத்துப் பெண்கள் கையிலேயே தொடர்ந்தது.

இதைக் கேட்டபோது நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் மிகையில்லை. காரணம் உண்டு. முன்பெல்லாம் நாமும் குத்தூசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஆலை போய், மூட்டைக்கு மூட்டை குத்தி, உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் எடுத்தோம். கைப்பேசி வந்தபின் அந்தப் பழக்கம் போயிற்று. ஆலைக்காரர் சொல்வார், நாம் சரி என்போம், லாரி வந்துவிடும். 2011-ல், இருபது ஆண்டுகளாக நம்மிடமே வாங்கிய ஓட்டல் அதிபர் ஒருவர் ஒரு லோடைத் திருப்பி அனுப்பினார். பழசோடு புதுசு கலந்திருந்தது, சோறு குழைந்துவிட்டது. "ஆலையிலிருந்து வந்தது அப்படி" என்று சமாதானம் சொன்னோம். அவர் கோபப்படக்கூட இல்லை. "ஆலைக்காரர் அனுப்புவதை அப்படியே எனக்கு அனுப்ப நீங்கள் எதற்கு அண்ணாச்சி? நானே ஆலைக்குப் போன் போட்டுக்கொள்கிறேனே" என்றார். போட்டும்விட்டார். இதுவரை இதை வெளியில் சொன்னதில்லை.

அமெரிக்க மொத்த வியாபாரிகளுக்கும் இதே கேள்வி பெரிய அளவில் வந்தது. முன்னாளில் முழு உடலாக, அரை உடலாகக் கொக்கியில் தொங்கி ரயிலில் வரும். நகரத்து மொத்த வியாபாரி வெட்டிப் பிரித்து உணவகங்களுக்குக் கொடுப்பார். 1967-ல் அயோவா பீஃப் பேக்கர்ஸ் என்ற கம்பெனி ஆலையிலேயே வெட்டி, காற்றை உறிஞ்சிய பிளாஸ்டிக் உறையில் அடைத்து, அட்டைப்பெட்டியில் அனுப்பத் தொடங்கியது. உறைக்குள்ளேயே இறைச்சி மென்மையாகும். எடை குறையாது, செதுக்கும் சேதாரம் கிடையாது. அந்த முந்திரி வாசனை மட்டும் வராது. எடை குறையாத சரக்கை எந்த வியாபாரி வேண்டாம் என்பான்? பெரும்பாலான உணவகங்கள் பெட்டிக்கு மாறின. வெட்டிக் கொடுத்தவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. நியூயார்க்கின் 14-ஆம் தெருவை ஒட்டிய இறைச்சிச் சந்தையில் 1900 வாக்கில் 250 அளவில் இறைச்சிக்கூடங்கள் இருந்தன. நாம் போய்ப் பார்த்தபோது அந்தத் தெருக்களில் துணிக்கடைகளும், 2015-ல் திறந்த ஓவிய அருங்காட்சியகமும்தான் கண்ணில் பட்டன. மிச்சமிருந்த சில மொத்த வியாபாரிகளும் இடத்தைக் காலி செய்ய ஒப்புக்கொண்டதாக 2024-ல் நகராட்சி அறிவித்தது. ஆலைகள் தம் பெயர் அச்சிட்ட 25 கிலோ பைகளை நேராகப் பெருங்கடைகளுக்கு இறக்கும் இந்நாளில், நம் பேட்டைக்காரர்கள் இந்தச் சேதியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

பில்லுக்கு வருவோம். நால்வருக்கும் 300 டாலர். விலைப்பட்டியலில் போட்ட விலையில் வரி சேராது. நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதம், 26 டாலருக்கு மேல் தனியாக ஏறியது. அதன்பின் பரிமாறியவருக்கு 20 சதவீதம், 60 டாலர். அது இனாம் இல்லை. அங்கே அவர்களுடைய கூலியில் பெரும்பகுதியே அதுதான். கொடுக்காமல் எழுந்தால் மரியாதை இருக்காது. அன்றைய மாற்று விலையில் மொத்தம் 26,000 ரூபாயைத் தாண்டியது. மகன் கடன் அட்டையை எடுக்கவில்லை. அந்தக் கடையில் அப்போது அதை வாங்கியதில்லை. ரொக்கம், வங்கிப் பற்று அட்டை, இல்லையென்றால் கடையே தெரிந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த சொந்த அட்டை. அதில் மாதக் கணக்கு. கடன் அட்டைக் கம்பெனிக்குக் கமிஷன் கொடுப்பதைவிடத் தெரிந்தவருக்குப் பேரேட்டில் பற்று எழுதுவது மேல் என்று நினைத்தார்கள் போலும். பில்லோடு தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் நாணயங்கள் நான்கு வைத்தார்கள். நம் கடையில் குழந்தைகளுக்குப் பொட்டுக்கடலை கொடுத்த நினைவு வந்தது.

புகழ் மட்டும் பாட மாட்டோம். நாம் வந்த மறு ஆண்டே, 2019-ல், நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்காமல் கடுமையாக எழுதினார். 2022-ல் மிஷலின் கையேடு கொடுத்திருந்த நட்சத்திரமும் போயிற்று. விலைக்கேற்ற கவனிப்பு இல்லை என்று குறைப்படுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. 2021-ல் டோக்கியோவிலும் 2023-ல் லாஸ் வேகாசிலும் கிளை திறந்தார்கள். நாம் உண்ட ஆட்டுக்கறி நன்றாகவே இருந்தது. காரம்தான் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு பரணில் கிடந்த குத்தூசியைத் தேடி எடுத்தோம். துருப்பிடித்திருந்தது. கிட்டங்கியில் நூறு மூட்டையைப் பழைய முறைப்படி ஒதுக்கி வைத்தபோது, வட்டிக்கணக்குப் பார்க்கிற கணக்குப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் வருடம் நஷ்டம்தான். அடுத்த ஆண்டு முதல் சமையல்காரர்கள் இருவர் வரத் தொடங்கினார்கள். அந்த ஓட்டல் அதிபர் இப்போது இல்லை. தொழிலை அவர் மகன் பார்க்கிறார். சென்ற தை மாதம் மாதிரிக்கு ஒரே ஒரு மூட்டை கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். நாமே குத்திப் பார்த்து, ஒரு பிடி பொங்கிப் பார்த்து, பதினோரு மாதப் பொன்னியில் ஒரு மூட்டை அனுப்பி வைத்தோம். இன்னும் பதில் வரவில்லை.