ஜவ்வரிசி உருளும் தொட்டில்

சேலம், நாமக்கல் சமவெளியில் மாணவர்களுக்கு ஒரு நாள் கல்விச் சுற்றுலா வகுப்பவர்கள், நாமக்கல் மலைக்கோட்டையையும், அதே பாறையின் இரு பக்கங்களில் எட்டாம் நூற்றாண்டில் அதிய மன்னர் மரபினர் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளையும் தவறாமல் சேர்க்கின்றனர். ஆனால் அதே பேருந்து இராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் செல்லும்போது, அங்குள்ள ஜவ்வரிசி (சேகோ) ஆலை எதன் முன்னும் நிற்பதில்லை. மரபு கல்லில் மட்டுமே இருக்கிறது என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஜவ்வரிசி முதலில் தென்கிழக்காசியாவின் சவ்வரிசிப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில் அறிந்திருந்த போபட்லால் ஷாவின் துணையுடன், 1943 வாக்கில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார். 1981இல் ஆலையாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் உருவாயிற்று. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கிழங்கைக் கழுவித் தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் படிய விடுவது எளிதில் விளங்கும். வியப்பு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஈரப்பதத்துடன் உதிர்த்த மாவைத் துணித்தொட்டிலிலோ குலுக்கு இயந்திரத்திலோ ஆட்டினால், பசையும் அச்சும் இன்றியே அது முத்துமுத்தாக உருள்கிறது. ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துள்ள மெல்லிய நீர்ப்படலம் அடுத்த துகளைத் தன்னுடன் இழுத்துக்கொள்வதும், அவ்வாறு சேர்ந்த உருண்டை உருளும்போது மேலும் மாவைப் போர்த்திக்கொள்வதுமே இதன் அடிப்படை. நீர் மிகுந்தால் புட்டு மாவு கட்டிக்கொள்வதைப் போல அனைத்தும் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் உதிர்ந்த மாவாகவே இருந்துவிடும். இந்த அளவைக் கருவியின்றி, உள்ளங்கையில் மாவைப் பிடித்துப் பார்த்தே கண்டுகொள்ளும் தொழிலாளர்களின் அறிவு எந்தப் பாடநூலிலும் இடம்பெறவில்லை. சலித்தெடுத்த முத்துகளை, தேங்காய் எண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டில் வறுக்கும்போது மேற்பரப்பு மாவு வெந்து ஓடுபோல் இறுகி, வடிவம் நிலைக்கிறது. ஆவியில் வேகவைத்தால் உட்புறமும் வெந்து, கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசியாகிறது. பின்னர் இரண்டும் வெயிலில் உலர்த்தப்படுகின்றன.

நன்கு தோலுரித்த கிழங்கின் ஜவ்வரிசி இயல்பாகவே வெளிறிய நிறமுடையது. அது போதாதென்று தூய வெண்மையையே கேட்கும் வாங்குவோரின் பழக்கம், சில ஆலைகளை வெளுக்கும் இரசாயனங்களை நாடச் செய்துள்ளது. இது உணவுக்குச் செய்யும் தீங்கு என்பதை மாணவர்கள் ஆலை வாசலிலேயே அறிந்துகொள்வது நலம். கழிவுநீரும் அவ்வாறே: மாவுச்சத்து மிகுந்த அது திறந்த குட்டையில் தேங்கினால் புளித்து ஊரையே நாறடிக்கும், மூடிய தொட்டியில் விட்டால் மீத்தேன் தந்து ஆலைக்கே எரிபொருளாகும்.

திராட்சை மது தயாரிக்கும் நாடுகளில் இத்தகைய பயணங்கள் மதுக்கிடங்கில் முடிவதுண்டு. இங்கோ, நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது. எனவே பயணத்தின் கடைசி நிறுத்தமாகத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் அவர் நிறுவிய காந்தி ஆசிரமம் அமையலாம். சாராய வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்த வரலாற்றை ஆசிரியர் அங்கே விளக்கலாம்.